பழைய பெட்டியா, புதுப் பெட்டியா?

திருத்தணியில் பஸ் ஏறி, பொதட்டூர்பேட்டையின் தறிச் சத்தத்தைத் தாண்டிப் பள்ளிப்பட்டில் இறங்கினால், காதில் விழும் பேச்சில் பாதி தமிழாகவும் பாதி தெலுங்காகவும் இருக்கும். ஆந்திராவில் அணை திறந்தால் இங்கே கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும். 1960 ஏப்ரல் முதல் தேதிதான் இந்த ஊர் ஆந்திரப் பிரதேசத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. அதனால் இங்கே ஒரு பாட்டுக் கச்சேரி நடத்துகிறவன் இரண்டு பாஷையிலும் பாட்டு வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நகரிப் பக்கத்துக் கல்யாண வீட்டார் முகம் சுளிப்பார்கள்.

அப்படி இரண்டு பாஷையிலும் பாட்டு வைத்திருப்பவர்தான் என் அக்காவின் புருஷர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பகலில் ஒரு துணிக் கடையில் கணக்கு எழுதுகிறார். மாலையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீ போர்டு வாசிக்கிறார். குடும்பத்தின் அரிசி பருப்பு கணக்குப் புத்தகத்திலிருந்து வருகிறது. பெண்ணின் படிப்பு கீ போர்டிலிருந்து வருகிறது.

போன மாதம் அக்கா போன் செய்தாள். "தம்பி, நீ ஒரு நடை வந்துட்டுப் போ. உங்க மாமா சீட்டுப் பணத்து மேலே கண் வெச்சிட்டார்" என்றாள்.

மத்தியஸ்தம் செய்யப் போவதென்றால் பத்திரிகைக்காரனுக்குச் சொல்ல வேண்டுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு விட்டேன்.

கத்தும் கட்டை

கூடத்தில் கட்டில் மேல் அந்த வாத்தியம் படுத்திருந்தது. இதற்கு 'வொர்க் ஸ்டேஷன்' என்று பெயர். சாதாரணக் கீ போர்டில் வாசிக்கத்தான் முடியும். இதில் வாசித்ததைப் பதிந்து, அதன் மேல் இன்னொரு வாத்தியத்தைப் பதிந்து, தாளம் சேர்த்து, ஒரு முழு வாத்திய கோஷ்டியையே ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்து விடலாம். 1988-ல் ஜப்பானியக் கம்பெனியான கோர்க் வெளியிட்ட 'எம்-1' என்ற பெட்டிதான் இந்த ஜாதியை உலகமெங்கும் பிரபலமாக்கியது. சுமார் இரண்டரை லட்சம் விற்றது என்கிறார்கள். மாமாவின் பெட்டி அதற்குப் பிந்திய காலத்தது. வாங்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

"என்ன மாமா கோளாறு?" என்று கேட்டேன்.

"அந்த வயிற்றெரிச்சலை ஏன் கேக்கறே மச்சான்! போன தையிலே சோளிங்கரத்திலே ஒரு வரவேற்பு. மெதுவான பாட்டு. பாடற பொண்ணு கண்ணை மூடிக்கிட்டுப் பாடறா. நான் பூ மாதிரி தொடறேன். இந்த 'டி' கட்டை மட்டும் 'ஞை' என்று கத்துது! பந்தியிலே இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க" என்றார் மாமா.

இதற்குக் காரணம் மிகச் சின்னது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர்ப் பட்டை ஒன்று இருக்கிறது. அதில் கட்டைக்கு இரண்டு கறுப்புப் பொட்டுக்கள். கட்டையை அழுத்தும்போது ஒரு பொட்டு முந்தியும் மற்றது பிந்தியும் கீழே உள்ள தகட்டைத் தொடும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை வைத்துத்தான் நாம் மெதுவாகத் தொட்டோமா, ஓங்கி அடித்தோமா என்று பெட்டி கண்டுபிடிக்கிறது. தூசி படிந்து ஒரு பொட்டு வேலை செய்யாவிட்டால் பெட்டிக்குக் கணக்குத் தப்பிவிடும். அப்போது கட்டை ஊமையாகும், அல்லது கத்தும்.

"இது ரிப்பேர் செய்கிற சமாசாரந்தானே மாமா?" என்றேன்.

"ரிப்பேர் செஞ்சாலும் பழசு பழசுதானே? எல்லாரும் புதுசு வாங்கிட்டான். நான் மட்டும் இந்த ஓட்டைப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனா, பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "கேக்கறவங்க காதாலே கேக்கறாங்களா, கண்ணாலே கேக்கறாங்களா?"

மாமா தம் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். ஏ. ஆர். ரஹ்மானின் கதை! ரஹ்மானுக்கு ஒன்பது வயதில் தகப்பனார் ஆர். கே. சேகர் காலமாகி விட்டார். அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. பிற்பாடு ரஹ்மான் வீட்டிலேயே ஸ்டூடியோ கட்டியபோது உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணம் இல்லை. தாயார் கரீமா பேகம் தம் நகைகளைக் கொடுத்தார். அதைக் கொண்டு ஒலிப்பதிவுக் கருவி வந்தது. 1992-ல் 'ரோஜா' வந்தது. இந்த வரலாற்றை மாமா உருக்கமாகச் சொல்லி முடித்தார்.

"அது பெத்த தாயார் தானா கொடுத்த நகை. பெண்டாட்டி வளையலை யாரும் கேட்டதா நான் கேள்விப்படலே" என்றாள் அக்கா. மாமா காபியை உறிஞ்சுவதில் கவனமாகி விட்டார்.

பெட்டியின் ஜாதகம்

வாத்தியத்தை மாற்றுவதா வேண்டாமா என்ற வழக்கு நம் சீமைக்குப் புதியதல்ல. முத்துஸ்வாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனம் பிறந்தது திருத்தணி மலையில்தான் என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது, ஆதரித்த முதலியார் அவர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போய் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார். அந்த மெட்டுக்களுக்குத்தான் முத்துஸ்வாமி தீட்சிதர் நோட்டு ஸ்வர சாகித்தியங்களைச் செய்தார். 1786-ல் பிறந்த தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றுக்கொண்டு, அதை நம் சங்கீதத்துக்கு வளைத்தார். அன்று அந்நியமாயிருந்த பிடில் இல்லாமல் இன்று எந்தக் கச்சேரி நடக்கிறது?

ஆர்மோனியத்தின் கதை வேறு மாதிரி. நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் அது ராஜா. ஆனால் கட்டைக்குக் கட்டை ஸ்வரம் தனித் தனியாக நிற்பதால் கமகம் வராது என்பது பண்டிதர்களின் குறை. 1940-ல் அகில இந்திய ரேடியோ அதை உள்ளே வரக்கூடாதென்று தடுத்தது. முப்பது வருஷத்துக்குப் பிறகு, 1971-ல்தான் தடை தளர்ந்தது. இன்றைய கீ போர்டுகளில் இடது பக்கம் ஒரு சக்கரமோ பிடியோ இருக்கிறது. அதை இடது கையால் அசைத்தால் ஸ்வரம் வளைகிறது. கமகமும் ஓரளவு வருகிறது. கீ போர்டிலேயே கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்து காட்டிய சத்யநாராயணனைச் சென்னை ரஸிகர்கள் அறிவார்கள்.

இந்தக் கதையை நான் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மாமாவின் தகப்பனார் ஆர்மோனியக்காரர். டிசம்பர் 31-ந் தேதி இரவு திருத்தணி மலையில் படித் திருவிழா நடக்கும். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்தது. 365 படிக்கும் பூஜை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே பஜனைக் கோஷ்டிகள் மலை ஏறும். பெரியவர் வருஷந் தவறாமல் தோளில் பெட்டியை மாட்டிக்கொண்டு அதில் போவார். எட்டு வருஷங்களுக்கு முன் காலமானார்.

அக்கா சொல்லாமல் வைத்திருந்தது

சாப்பாடு ஆனதும் மாமா சற்றுக் கண்ணயர்ந்தார். அக்கா என்னைத் திண்ணைக்கு அழைத்தாள்.

"பணம் பெரிசுதான் தம்பி. சீட்டு விழுந்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஜூன் மாசம் பொண்ணுக்குக் காலேஜ் கட்டணும். கடைக்காரர் சொன்ன விலையே ஒன்றேகால் லட்சத்துக்கு மேலே. ஆனா நான் வேண்டாங்கறது அதுக்கு மட்டும் இல்லே" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "அந்தப் பெட்டியைப் போட்டுட்டு மிச்சப் பணம் கொடுத்துப் புதுசு எடுக்கறதா உங்க மாமா பேசியிருக்கார். அதுக்குள்ளே மாமனார் வாசிச்சது இருக்கு."

பெரியவர் கடைசி வருஷம் ஒரு சாயங்காலம் மகனுடைய கீ போர்டின் முன் உட்கார்ந்தாராம். அக்கா விளையாட்டாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாளாம். மலையில் வாசிக்கிற மெட்டு ஒன்றை வாசித்தார். வலது கை மட்டும் கட்டைகளில் ஓடியது. இடது கை பெட்டியின் பின்பக்கம் போய், இல்லாத துருத்தியை அசைத்துக்கொண்டே இருந்தது!

"உங்க மாமாவுக்கு அது ஞாபகம் இருக்கோ இல்லையோ. நானாச் சொன்னா, புதுசு வாங்கத் தடை சொல்றதுக்கு மாமனாரை இழுக்கிறேன்னு ஆயிடும்" என்றாள் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இப்படிப்பட்ட பழைய பெட்டிகள் சிலவற்றில் நாம் பதிந்ததெல்லாம் ஒரு சின்ன வட்ட பாட்டரியின் தயவில் நிற்கிறது. கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற, காசு அளவு பாட்டரி. அது தீர்ந்துவிட்டால் கம்பெனி வைத்த ஓசைகள் இருக்கும். நாம் சேர்த்தவை போய்விடும். மாமாவின் பெட்டியும் அந்த ரகம். கொஞ்ச நாளாகவே திறந்தவுடன் திரையில் 'பாட்டரி குறைவு' என்று எழுத்து வருகிறதாம். யாரும் சட்டை செய்யவில்லை.

பெட்டியை விற்றாலும் பெரியவர் போய்விடுவார். விற்காமல் சும்மா வைத்திருந்தாலும் போய்விடுவார்!

காப்பாற்றிய கம்பி

இந்தப் பெட்டியில் பதிந்ததை வெளியே எடுக்கப் பிளாப்பி என்ற சதுரத் தட்டு வேண்டும். அதைப் பெருமளவில் செய்து வந்த ஸோனி கம்பெனி 2011-லேயே நிறுத்திவிட்டது. வேறு வழியாக மாமாவின் பெண்தான் உதவிக்கு வந்தாள். தன் கம்ப்யூட்டரையும் ஒரு கம்பியையும் எடுத்து வந்தாள்.

அந்தக் கம்பியில் ஓடுவது 'மிடி' என்ற பாஷை. அமெரிக்காவில் டேவ் ஸ்மித்தும் ஜப்பானில் ரோலண்டு கம்பெனியின் ககேஹாஷியும் முன்னின்று, எல்லாக் கம்பெனி வாத்தியங்களும் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1983-ல் கொண்டு வந்தது. இந்த உதவிக்காக இருவருக்கும் 2013-ல் கிராமி விருது கொடுத்தார்கள். மிடியில் ஒரு வேடிக்கை: அதில் ஓசை போவதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக, எத்தனை நேரம் என்பது மட்டுமே போகிறது. பாட்டைப் பதிவது அல்ல அது, விரலைப் பதிவது.

மாமா எழுந்து வந்தபோது நாங்கள் மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பெண் பொத்தானை அழுத்தினாள். பெட்டி தானாக வாசித்தது. கம்ப்யூட்டர் திரையில் கோடு கோடாக வந்து விழுந்தது.

மாமா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்பா... ஒத்தைக் கை" என்றார். வேறு எதுவும் பேசாமல் தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

பெண் அதே விரல்களைக் கம்ப்யூட்டரிலுள்ள ஆர்மோனிய ஓசையில் வாசிக்கச் செய்தாள். பிறகு பியானோவில், பிறகு புல்லாங்குழலில். "தாத்தா இனிமே எந்தக் கீ போர்டிலே வேணும்னாலும் வாசிப்பார் அம்மா" என்றாள். அன்றைக்கே அதை மூன்று இடங்களில் பத்திரப்படுத்தினோம்: கம்ப்யூட்டரில் ஒன்று, சின்னப் பென் டிரைவில் ஒன்று, என்னிடம் ஒன்று. மாமா பதினெட்டு வருஷமாகச் சேர்த்த தமிழ், தெலுங்குப் பாட்டுத் தாளங்களையும் இரவு பதினொரு மணி வரை ஒவ்வொன்றாக எடுத்தோம்.

ஒன்று வாங்கினால் நான்கு

மறுநாள் காலையில் மூளை தெளிவாக இருந்தது. காகிதமும் பென்ஸிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வாத்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதோடு வரும் ஸாப்ட்வேர் செலவைப் பார்ப்போம் என்றேன்.

மாமாவின் குழுவில் ஒருவர் பதிவு ஸாப்ட்வேரின் புதுப் பதிப்பையும் வாங்கச் சொல்லியிருந்தார். வாங்கலாம். ஆனால் அது புதிய விண்டோஸ் கேட்கும். விண்டோஸ் 10-க்குத் தந்து வந்த ஆதரவை மைக்ரோஸாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐப் பல பழைய கம்ப்யூட்டர்கள் ஏற்பதில்லை. ஆகவே கம்ப்யூட்டரும் புதிதாக வேண்டும். புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய ஒலிப் பெட்டி ஒத்துப் போகாவிட்டால் அதுவும் புதிதாக வேண்டும். ஜாக்கெட் துணி எடுக்கப் போய்ப் புடவையும் பாவாடையும் செருப்பும் வாங்கிக்கொண்டு வந்த கதைதான்!

பணம் கொடுத்து வாங்கிய ஸாப்ட்வேர் நம்முடையது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 'ஸோனார்' என்ற பிரசித்தமான பதிவு ஸாப்ட்வேரை அதன் முதலாளியான கிப்ஸன் கம்பெனி 2017 நவம்பரில் கைவிட்டது. வாங்கியவர்கள் திகைத்து நின்றார்கள். நல்ல காலமாக மறு வருஷம் வேறொரு கம்பெனி அதை வாங்கி இலவசமாகவே கொடுத்தது. 'கியூபேஸ்' என்பதற்கு முன்பெல்லாம் சாவி போன்ற ஒரு சின்னக் கருவியைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். 2022-ல் வந்த பதிப்பிலிருந்து அது வேண்டாமென்று ஆயிற்று. 2025 மே மாதத்தோடு பழைய சாவிகளுக்கான சேவையையே மூடிவிட்டார்கள்.

நல்ல பக்கமும் இல்லாமல் இல்லை. கோர்க் கம்பெனி 2011-ல் விற்ற 'க்ரோனோஸ்' என்ற வாத்தியத்துக்கு, 2014-ல் புது மாடல் வந்தபோது, அதிலிருந்த புது ஸாப்ட்வேரைப் பழைய பெட்டிக்காரர்களுக்கும் இலவசமாகவே கொடுத்தது. 1988-ல் வந்த எம்-1 பெட்டியோ 2015-ல் ஐபாடுக்குள் ஒரு சின்ன ஸாப்ட்வேராக வந்து உட்கார்ந்துவிட்டது. ஆகவே புதுசு என்றதும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. கையில் இருக்கிற பெட்டிக்கு இலவசமாக என்ன கிடைக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஐந்து கேள்விகள்

காகிதத்தில் ஐந்து கேள்விகள் எழுதினோம். கீ போர்டு வாங்காத வீட்டிலும் தையல் மெஷினுக்கும் கிரைண்டருக்கும் இவை பயன்படலாம் என்பதால் இங்கே தருகிறேன்.

முதலாவது: இருப்பதில் உள்ள குறை தேய்மானமா, திறமைக் குறைவா? ரப்பரும் பாட்டரியும் தேய்மானம், மாற்றினால் தீரும். வேண்டிய ஓசையே பெட்டியில் இல்லையென்றால்தான் திறமைக் குறைவு.

இரண்டாவது: இந்தக் குறையினால் வருமானம் போயிற்றா? மாமா விரல் விட்டு எண்ணினார். போன வருஷம் ஒரு நிகழ்ச்சியும் கைவிட்டுப் போகவில்லை. சோளிங்கரத்தில் மானம்தான் போயிற்று.

மூன்றாவது: உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைத்தோமா? இதைச் செய்யாமல் விற்பதும் தவறு. ரிப்பேருக்குக் கொடுப்பதும் தவறு.

நான்காவது: இதை வாங்கினால் கூடவே என்னென்ன வாங்க வேண்டி வரும்? எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக எழுத வேண்டும். எங்கள் கூட்டல் இரண்டு லட்சத்தைத் தொட்டது. அக்கா அந்தத் தொகைக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

ஐந்தாவது: வாங்குவதாயிருந்தால் எப்போது? ஆடிக் கிருத்திகைக்கு ஒரு மாதம் முன்னால் புது வாத்தியம் வாங்கக் கூடாது. கை பழக வேண்டும். பாட்டுக்களை ஏற்ற வேண்டும். நிகழ்ச்சிகள் ஓய்ந்திருக்கும் மார்கழிதான் அதற்குச் சரி.

கணக்கு முடிந்தது. மாமாவும் நானும் பெட்டியைத் துணியில் சுற்றிச் சென்னைக்குக் கொண்டு போனோம். ரிச்சி தெருவில் விசாரித்து ஒரு மெக்கானிக்கைப் பிடித்தோம். அவர் திருப்புளியை எடுத்து, அடிப் பலகையைக் கழற்றி, பதினெட்டு வருஷத் தூசியோடு ஒரு சம்பங்கி இதழையும் வெளியே எடுத்தார். எந்தக் கல்யாணத்து மாலையோ! ரப்பர்ப் பட்டை புதிது, பாட்டரி புதிது, கூலி எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். திரும்பும் வழியில் மவுண்ட் ரோட்டில் ஒரு வாத்தியக் கடையில் நுழைந்து, புதுப் பெட்டிகளையும் மாமா ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்தார். வெளியே வந்ததும், "பியானோ பிரமாதம். ஆனா நாதஸ்வரம் நம்மதே தேவலை" என்றார்.

சீட்டுப் பணத்தில் கட்ட வேண்டியதைக் காலேஜுக்கென்று ஒதுக்கி, மிச்சத்தை அக்கா பாங்கில் போட்டாள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கிடைப்பதில் ஐந்நூறு ரூபாய் தனி டப்பாவில் விழ வேண்டும்; வாத்தியம் சம்பாதித்த பணத்தில்தான் அடுத்த வாத்தியம் வர வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

சென்ற வாரம் அக்கா மறுபடியும் போன் செய்தாள். குரலில் ஒரு குறும்பு.

"தம்பி, டப்பாவிலே ஒன்பதாயிரம் சேர்ந்திருக்கு. அடுத்த மார்கழிக்குள்ளே புதுசு வாங்கிடலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு நானே சொன்னேன்."

"மாமா குதித்திருப்பாரே?"

"எங்கே குதிச்சார்? 'என்ன அவசரம், இது நல்லாத்தானே இருக்கு' என்கிறார்! மாமனார் மெட்டுக்கு இடது கை சேர்த்து வாசிச்சுக்கிட்டு இருக்கார். இந்த வருஷம் படித் திருவிழாவுக்குப் பஜனைக் கோஷ்டியோடு போகணுமாம். ஆர்மோனியத்தைப் பரணிலேருந்து இறக்கித் துடைச்சு வெச்சாச்சு. துருத்தியிலே ஒரு ஓட்டை. அதை ஒட்ட ஆள் கிடைப்பானா, நீ கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு" என்றாள்.

விசாரித்துக் கொண்டிருக்கிறேன்.